ஜீன் ரிப்போர்ட்டைப் பார்த்து மகளின் ஓட்டத்தை மாற்றலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறேன். என் மகளுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறாள். 100, 200 மீட்டர் ஓடுவாள். போன வருஷம் மாவட்டப் போட்டியில் 100 மீட்டரில் 13.6 விநாடி ஓடி முதலாவதாக வந்தாள். இந்த வருஷம் மாநிலப் போட்டியில் 13.91தான். அரையிறுதியோடு திரும்பிவிட்டோம். அவளுடைய கோச் நல்ல மனிதர், பீஸ்கூட வாங்குவதில்லை. அவர் யோசனைப்படி, சீட்டுப் பணத்தில் 7,500 ரூபாய் கட்டி ஜீன் டெஸ்ட் எடுத்தோம். எச்சில் எடுத்து அனுப்பினோம். ‘ஏசிடிஎன்3: எக்ஸ்எக்ஸ். வேக ஓட்டத்துக்குப் பொருத்தம் குறைவு, நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்றவர்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இனி 3000 மீட்டருக்குப் போகலாம் என்கிறார் கோச். இவள் அழுதுவிட்டு ஸ்பைக்ஸைப் பரண்மேல் போட்டுவிட்டாள். ஒரே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டாள், ஷூ சைஸ் நாலிலிருந்து ஆறு. ஏழு மாதம் முன்பு வயதுக்கு வந்தாள். சாயந்திரமானால் சோர்ந்து படுத்துவிடுகிறாள். ஓட்டத்தை மாற்றட்டுமா? ஒன்பது வயது பையனுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா? ஒரே வீட்டில் இரண்டாவது பிள்ளைக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதல் வேலையாக அந்த ஸ்பைக்ஸைப் பரணிலிருந்து இறக்கி வையுங்கள். சைஸ் ஆறு ஆகிவிட்டது என்றால் பழையது காலுக்குப் பத்தாது, அது வேறு விஷயம். ஆனால் அது அவள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

ஓட்டத்தை மாற்ற வேண்டாம். பையனுக்கு டெஸ்ட் வேண்டாம். இரண்டையும் தயங்காமல் சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீங்கள் இதைக் கோச்சிடமும், அதைவிட முக்கியமாக மகளிடமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை என் கண் ரிப்போர்ட்டில் நிற்கவில்லை, அந்த இரண்டு நேரங்களில் நின்றது. 13.6 என்று ஒன்று, 13.91 என்று இன்னொன்று. புள்ளிக்குப் பிறகு ஒன்றில் ஓர் எண், மற்றதில் இரண்டு. கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி கணக்கில் எழுதுவார்கள். எலக்ட்ரானிக் கருவி எடுப்பதை நூறில் ஒரு பங்கு வரை எழுதுவார்கள். அப்படியென்றால் உங்கள் மாவட்டப் போட்டியில் எல்லைக் கோட்டருகே யாரோ ஒருவர் ஸ்டாப்வாட்ச்சுடன் நின்றிருக்கிறார். மாநிலப் போட்டியில் கருவி இருந்திருக்கிறது.

கையில் எடுக்கும் நேரம் எப்போதும் குறைவாகத்தான் வரும். துப்பாக்கி வெடித்ததைப் பார்த்து விரல் பட்டனை அழுத்துவதற்குள் ஓடுகிறவர் கிளம்பியிருப்பார், அந்த நொடித்துளி கணக்கில் சேராது. முடிவில் மட்டும், வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், விரல் தாமதிக்காமல் அழுத்திவிடும். இந்த வித்தியாசத்துக்காகவே 100 மீட்டர் கைநேரத்தோடு 0.24 விநாடி கூட்டிப் பார்ப்பது தடகளத்தில் வழக்கம். கூட்டிப் பாருங்கள்: போன வருஷ 13.6 உண்மையில் 13.84. இந்த வருஷம் 13.91. வித்தியாசம் நூறில் ஏழு பங்கு விநாடி. அன்று எதிர்க்காற்று கொஞ்சம் வீசியிருந்தால் அதுவும் மறைந்துவிடும்.

உங்கள் மகளின் வேகம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. எப்படி நேரம் எடுத்தார்கள் என்று கோச்சிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதை அவளிடம் இன்றே சொல்லுங்கள். ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து அவளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. ஒன்று சட்டென்று சுருங்கி, சீக்கிரமே களைத்துப்போகும் வேக இழை. இன்னொன்று நிதானமாக நெடுநேரம் உழைக்கும் இழை. வேக இழைக்குள் ஆல்ஃபா ஆக்டினின்-3 என்று ஒரு புரதம் இருக்கிறது. இழுவிசையில் இழையின் பாகங்கள் வரிசை கலைந்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. நீங்கள் போடுகிற தையல் துணியைப் பிடித்துவைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்புதான் ஏசிடிஎன்3 மரபணு.

901 அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்து உடம்பு இந்தப் புரதத்தைச் செய்கிறது. சிலருக்கு 577ஆவது மணி வரவேண்டிய இடத்தில், மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால், ‘இங்கேயே நிறுத்து’ என்று ஆகிவிடுகிறது. பாதியில் நின்ற மாலையை உடம்பு வைத்துக்கொள்வதில்லை, கழித்துவிடுகிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. இரண்டிலுமே ‘நிறுத்து’ இருந்தால் அதைத்தான் எக்ஸ்எக்ஸ் என்று எழுதுகிறார்கள் (பெண்களின் எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் வேறு, இது வேறு). அப்படிப்பட்டவர் உடம்பில் இந்தப் புரதம் துளியும் இருக்காது.

இது நோயா? இல்லை. ஆல்ஃபா ஆக்டினின்-2 என்ற கூடப்பிறந்த புரதம் அந்த இடத்தில் வந்து வேலையைப் பார்த்துக்கொள்கிறது. உலகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எக்ஸ்எக்ஸ்தான். உங்கள் மகளின் வகுப்பில் 40 பேர் இருந்தால் அதில் ஏறக்குறைய எட்டுப் பேர் இப்படி இருக்கலாம். அவர்களில் யார் யார் என்று நடையை வைத்தோ ஓட்டத்தை வைத்தோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஏன் இதை ‘வேக மரபணு’ என்கிறார்கள்? 2003இல் சிட்னியில் கேத்ரின் நார்த் என்ற மருத்துவரின் குழு ஆஸ்திரேலியாவின் உச்சநிலை வீரர்களைச் சோதித்தது. சாதாரண மக்கள் 436 பேரில் எக்ஸ்எக்ஸ் உள்ளவர்கள் 18 சதவீதம். வேகமும் வலிமையும் தேவைப்படும் விளையாட்டுகளில் இருந்த 107 பேரில் 6 சதவீதம்தான். நெடுநேரம் தாக்குப்பிடிக்க வேண்டிய விளையாட்டுகளில் இருந்த 194 பேரில் 24 சதவீதம். ஒலிம்பிக் வரை போன வேக வீரர்களில் ஒருவர்கூட எக்ஸ்எக்ஸ் இல்லை. நல்ல ஆய்வு அது. அந்த முடிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஆய்வு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவர்களை நிறுத்திவைத்து, இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டது. அடிவாரத்தில் நிற்கும் ஒரு குழந்தையைப் பார்த்து இவள் ஏறுவாளா என்று அது கேட்கவில்லை. இரண்டும் வேறு கேள்விகள். எக்ஸ்எக்ஸ் இல்லாத ஐந்தில் நான்கு பேரில் பெரும்பாலானோர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலே மூச்சு வாங்குகிறவர்கள்தானே? ஜமைக்காவிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உலகையே வென்ற அந்த ஊர் வேக ஓட்டக்காரர்களிடமும் அதே ஊரின் சாதாரண ஆட்களிடமும் இந்த மரபணுவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

குழந்தைகளிடம் என்ன தெரிகிறது? அதுதானே நமக்கு வேண்டும். கிரேக்க நாட்டில் 11 முதல் 18 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளை 40 மீட்டர் ஓடவைத்து, மரபணுவையும் பார்த்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. பையன்களிடம் தொடர்பு இருந்தது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள நேர வித்தியாசத்தில் இந்த மரபணுவால் விளக்க முடிந்த பங்கு 2.3 சதவீதம். மீதி 97 சதவீதத்துக்கு மேல் வேறு காரணங்கள். பெண் பிள்ளைகளிடம் அந்த 2.3கூடத் தெரியவில்லை.

உங்கள் தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஒரு பனியன் ஏற்றுமதித் தரத்துக்கு வருமா என்று தெரிய நூலின் கவுண்ட்டை மட்டும் பார்த்தால் போதுமா? நிட்டிங் இருக்கிறது, டையிங் இருக்கிறது, கட்டிங் மாஸ்டர் கை இருக்கிறது, அப்புறம் உங்கள் தையல், கடைசியில் செக்கிங். கோனில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு ‘இந்தச் சட்டை தேறாது’ என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? 7,500 ரூபாய்க்கு உங்களுக்கு வந்தது அந்தச் சீட்டுதான்.

ஸ்பெயின் நாட்டில் ஒரு நீளம் தாண்டும் வீரர் இருந்தார். இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர், 8.26 மீட்டர் தாண்டியவர். நம் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023இல் வைத்த இந்தியச் சாதனை 8.42 மீட்டர். அந்த அளவை வைத்துப் பார்த்தால் 8.26 என்ன தாண்டல் என்று புரியும். நீளம் தாண்டுதல் என்றால் கடைசி நொடி வரை வேகம், காலில் வெடித்துக் கிளம்பும் விசை. அந்த ஸ்பெயின் வீரரைச் சோதித்தபோது அவர் எக்ஸ்எக்ஸ். உங்கள் மகளுக்கு வந்த அதே ரிப்போர்ட். பள்ளிக்கூட வயதில் யாராவது அவருக்கு அந்தத் தாளைக் காட்டி மாரத்தான் ஓடச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதனால் பரம்பரைக்கு விளையாட்டில் இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிச்சயம் உண்டு, நிறையவே உண்டு. கனடா நாட்டு ஆய்வாளர் குளோட் புஷார் தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து 20 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் கூடியது. சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே மாறவில்லை. கூடியவர்களும் கூடாதவர்களும் பெரும்பாலும் குடும்பவாரியாகவே சேர்ந்திருந்தார்கள். பயிற்சிக்கு உடம்பு எப்படி இணங்குகிறது என்பதிலேயே ரத்த சம்பந்தம் பேசுகிறது.

ஆனால் அந்தப் பேச்சு ஒரு மரபணுவின் குரல் அல்ல. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரைப் பார்த்தாலே பிள்ளையின் உயரம் ஓரளவு தெரிந்துவிடும், அவ்வளவு பரம்பரை சார்ந்தது. 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுக்களை அலசி உயரத்தோடு தொடர்புள்ள இடங்களைப் பட்டியலிட்டார்கள். 12,111 இடங்கள் வந்தன! சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடக்கூடிய உயரத்துக்கே இத்தனை என்றால், இதயம், நுரையீரல், தசைநாண், நரம்பு, பயப்படாத மனம் எல்லாம் சேர்ந்து ஓடுகிற நூறு மீட்டருக்கு எத்தனை இருக்கும்?

ஒரே மரபணு ஒரு வீரரைத் தூக்கிவிட்ட கதையும் உண்டு. பின்லாந்தின் ஏரோ மான்டிரான்டா 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இரண்டு தங்கம் வென்றார். அவர் குடும்பத்தில் ஓடிய ஒரு மரபணு மாற்றத்தால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் இயல்பைவிட மிக அதிகம். அப்படி ஒன்று உலகத்தில் எப்போதாவதுதான் கிடைக்கும். உறவினர்கள் பலருக்கும் அதே மாற்றம் இருந்தது, ஆனால் ஊரெல்லாம் அறிந்த பெயர் அவருடையதுதான்.

உங்கள் பக்கத்து ஊரிலேயே பாருங்கள். கோவையின் வித்யா ராம்ராஜும் நித்யா ராம்ராஜும் இரட்டையர். வித்யா 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய அதே நேரத்தை, 39 வருஷத் தேசிய சாதனையை, சமன் செய்தார். வெண்கலமும் வாங்கினார். நித்யா ஓடுவது 100 மீட்டர் தடை ஓட்டம். கூடப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் இரண்டு வேறு தூரங்களில் தங்கள் ஓட்டத்தைக் கண்டுகொண்டார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, போகிற போக்கில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஷூ சைஸ், வயதுக்கு வந்தது, சாயந்திரச் சோர்வு. நான் உட்கார்ந்து யோசித்தது இந்த மூன்றையும்தான்.

பெண் குழந்தைகளுக்கு மளமளவென்று வளரும் காலம் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி உச்சத்தில் இருக்கும். வருஷத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரை போகும். முதலில் நீள்வது பாதம், அப்புறம் கால், கடைசியில்தான் முதுகு. வயதுக்கு வருவது இந்த உச்சம் தாண்டி ஏறக்குறைய ஒரு வருஷத்தில். உங்கள் மகள் இப்போது சரியாக அந்தத் திருப்பத்தில் நிற்கிறாள். கால் நீண்டுவிட்டது, அதற்கேற்ற பலம் தசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிக்கும், பிடிக்கத்தான் வேண்டும், அது பெண் உடம்பின் இயல்பு. போன வருஷம் பழகிய கால்வைப்பு இந்த வருஷக் காலுக்குப் பொருந்தாது. என்னிடம் வருகிற இந்த வயதுப் பிள்ளைகளைத் தரையில் கோடு போட்டு ஒற்றைக் காலில் தாவச் சொல்வேன். ஆறு மாதம் முன்பு அழகாகத் தாவியவள் தடுமாறுவாள். கூடவந்த அம்மா முகம் வாடிவிடும். அடுத்த ஆறு மாதத்தில் அதே பிள்ளை சரியாகிவிடுவாள்.

இந்தத் திருப்பத்தில் ஒரு வருஷம் நேரம் நின்றுபோனாலோ கொஞ்சம் கூடினாலோ அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. இந்த உடம்போடு, முட்டியிலும் குதிகாலிலும் வளரும் எலும்பு மென்மையாக இருக்கும் நேரத்தில், திடீரென்று 3000 மீட்டர் பயிற்சிக்கான தூரத்தை ஏற்றினால் வலிதான் மிஞ்சும். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கிறது என்றால் எனக்கு எழுதுங்கள். இந்த வயதில் அது சகஜம், ஓய்வில் சரியாகும்.

அடுத்து சோர்வு. இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் தொடங்கியிருக்கிறது, வேகமாக வளர்ந்திருக்கிறாள், தினமும் ஓடுகிறாள். மூன்றும் சேர்ந்தால் உடம்பில் இருக்கிற இரும்புச்சத்து வேகமாகக் கரையும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்ந்து படுக்கிற ஓட்டக்காரப் பெண்ணைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையிலோ லேபிலோ ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின், அதாவது சேமிப்பில் உள்ள இரும்பு, அடிமட்டத்தில் இருக்கலாம். ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் குறைவு உறுதி. 30க்குக் கீழே இருந்தாலே ஓடுகிற பிள்ளையிடம் நான் கவனம் எடுத்துக்கொள்வேன். இந்தச் சோதனைக்கு நீங்கள் கட்டிய 7,500இல் சின்னப் பங்கு போதும். அதில் வருகிற எண்ணுக்கு மருந்தும் இருக்கிறது.

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையை விழுங்குகிறாளா, பையிலேயே வைத்திருக்கிறாளா என்று பாருங்கள். சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிக் கொடுங்கள். டாக்டர் பார்க்காமல் தினசரி இரும்பு மாத்திரை மட்டும் தொடங்காதீர்கள். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

பரம்பரையைப் பற்றி ஓடுகிற பிள்ளையின் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. காசு கொடுக்காமல் கேட்கக்கூடியவை. உங்கள் பக்கத்திலோ வீட்டுக்காரர் பக்கத்திலோ ஐம்பது வயதுக்கு முன்னால் திடீரென்று உயிர் போனவர்கள் உண்டா? ஓடும்போது இவளுக்கு என்றைக்காவது மயக்கம் வந்து விழுந்திருக்கிறாளா? நெஞ்சில் வலி, தாறுமாறாகப் படபடப்பு? ஒன்றுக்காவது ஆம் என்றால் ஈசிஜியும் எக்கோவும் எடுக்காமல் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். தெற்காசிய மக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இதயத் தசை சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதாகவும், அது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்றும் 2009இல் இந்திய ஆய்வாளர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். எனவே குடும்பக் கதையைத் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேட்பது வீண்போகாது. நீலகிரி பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் என்றால் அரிவாள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரைக் குறை) சோதனையும் அவசியம். அந்த மரபணு இருந்தால் கடும் பயிற்சியில், வெயிலில், தண்ணீர் இல்லாமல் ஓடுவது ஆபத்து. தெரிந்திருந்தால் தவிர்த்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பெண் பிள்ளையின் அம்மா நீங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளைக் குடும்பத்திலிருந்து ஓடி வந்த பெண்ணின் உடம்பு ரகசியம் தொலைக்காட்சிச் செய்தி ஆனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, தன் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களுக்கு எஸ்ஆர்ஒய் என்ற, ஆண்களுக்குரிய ஒய் குரோமோசோமில் இருக்கும் மரபணுவைப் பார்க்கும் சோதனையை ஒருமுறை கட்டாயமாக்கியிருக்கிறது. பள்ளிப் போட்டிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் மகளின் மரபணு விவரம் அவளுடையது. அது வாட்ஸ்அப் குழுவில் சுற்றக்கூடாது. ரிப்போர்ட்டை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களை அழிக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்கும் எச்சில் மாதிரியையும் விவரங்களையும் அழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

பையனுக்கு வேண்டாம் என்றது இதனால்தான். 2015இல் பல நாட்டு விளையாட்டு மருத்துவ, மரபியல் வல்லுநர்கள் கூடி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். திறமையைக் கண்டறியவோ பயிற்சியை மாற்றவோ எந்தக் குழந்தைக்கும் இந்த மாதிரி நேரடி விற்பனை மரபணுச் சோதனை செய்யக்கூடாது என்று ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒன்பது வயதுப் பையன் ஓடட்டும், கபடி ஆடட்டும், நீச்சல் கற்றுக்கொள்ளட்டும். தள்ளுபடிப் பணத்தில் அக்காவுக்கு ஆறாம் சைஸ் ஸ்பைக்ஸ் வாங்கிவிடலாம்.

கோச்சிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள். காசு வாங்காமல் காலையில் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்து நிற்கிற மனிதர் அவர். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதைச் சொல்லியிருக்கிறார். அவரோடு சண்டை வேண்டாம். இந்தப் பதிலை அப்படியே அவரிடம் காட்டுங்கள். நேரக் கணக்கை அவரே சரிபார்க்கட்டும். அவரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த ஒரு வருஷம் அவளை எந்த ஒரு தூரத்துக்கும் பூட்டிவைக்க வேண்டாம். 100, 200 இருக்கட்டும், கூடவே நீளம் தாண்டுதல், தடை ஓட்டம், தொடர் ஓட்டம் எல்லாம் தொட்டுப் பார்க்கட்டும். வாரத்தில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், முழு ஓய்வு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். வளர்ச்சி அடங்கி ஒரு வருஷம் கழித்து, அவளுக்கே 400 பிடித்தால் 400 ஓடட்டும், 1500 பிடித்தால் 1500. அது அவள் கால் சொல்லி, அவள் மனசு சொல்லி நடக்க வேண்டியது.

மகளிடம் என் பெயரைச் சொல்லி ஒன்று கேளுங்கள்: தொடங்குகிற இடத்தில் குனிந்து, விரலைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றி, துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்கிற அந்த நேரம் அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று. பிடித்திருக்கிறது என்றால், அடுத்த குறுவட்டப் போட்டியில் 100 மீட்டருக்கே பெயர் கொடுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவும், இப்போதைய உயரம் எடையும், போன வருஷ உயரம் பள்ளியில் பதிவாகியிருந்தால் அதுவும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த போட்டியின் நேரத்தை அனுப்பும்போது ஸ்டாப்வாட்ச்சா, எலக்ட்ரானிக்கா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டு மருத்துவர்